கண்ணகை டீச்சரின் ஆறாவது கியர்

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம் மட்டும் போகும் கல்லடிப் பாலத்தின் வாயிலில், எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை காத்து நிற்கும் நேரத்தில், கண்ணகை டீச்சர் தன் இடது முழங்காலைப் பிடித்துக் கியர் மாற்றுவார். ஒன்று மேலே, இரண்டு கீழே, மூன்று மேலே, நான்கு கீழே, ஐந்து வலப்பக்கம் மேலே. அங்கே ஒரு கணம் நிறுத்தி, கண்ணை மூடி, கையை நேரே பின்னுக்கு இழுத்து, "ஆறு" என்பார். பாயாசத்தில் முந்திரி அகப்பட்டவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். நாங்கள் ஏறியிருக்கும் பழைய காரில் ஆறாவது கியர் கிடையாது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ரிவர்ஸ். ஆகையால் இந்த ஒத்திகை முழங்காலோடு நிற்பது பாலத்துக்கும் நல்லது, எங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் நல்லது.

"என்ன சேர் என்ட கையப் பாக்கிறீங்க? றோட்டப் பாருங்க. அங்காலயிருந்து வாறதெல்லாம் வந்து முடிஞ்சிது. எடுங்க, எடுங்க, கிளச்ச உதைக்காம எடுங்க!"

நான் எடுக்கிறேன். கார் தவளையாகப் பாய்ந்து நின்றுவிடுகிறது. பின்னால் ஹோர்ன் சத்தம். டீச்சர் சிரிக்கிறார். அவருடைய சிரிப்புக்கு இரக்கம் கிடையாது. ஆனால் அதில் நஞ்சும் கிடையாது. வங்கியில் இருபத்தைந்து வருடம் கையெழுத்துப் போட்ட என் கை, சாவியைத் திருப்பத் தடுமாறுகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்?

கல்லடியில் கார் ஓட்டப் பழக்கும் ஒரே பெண் கண்ணகை டீச்சர். வயது நாற்பதுக்குக் கிட்ட. பருத்திச் சேலை, இழுத்துக் குத்திய ஊசி, காலில் றப்பர் செருப்பு. ஒரே ஒரு கார், முன்னும் பின்னும் சிவப்பு எல் போட், டீச்சர் உட்காரும் இடது பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக். அவரிடம் பழகுகிறவர்களில் வாலிபர்கள் யாரும் இல்லை. யுத்த காலத்தில் இருபது வயதாக இருந்தவர்களுக்கு அப்போது வாகனமும் இல்லை, போவதற்கு வீதியும் இல்லை. சண்டை முடிந்து வீதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, முழங்கால் வலி வந்த பிறகுதான் எங்களில் பாதிப் பேருக்குக் கார் ஆசை வந்தது. சோதனைச்சாவடியில் நிற்கும் ஆமிக்காரருக்கு எங்கள் காரை நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் அவர்களைக் கண்டு நாங்கள் பயந்தோம். இப்போது எல் போட்டைக் கண்டதும் அவர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள்.

ஆறாவது கியர் என்ற பேயைக் காருக்குள் கொண்டுவந்து விட்டவர் றபீக்கா. காத்தான்குடிக்காரி, என்னைப்போலவே டீச்சரிடம் பழகுகிறவர். கணவர் இப்றாஹிம் கட்டாரில் ஒரு பெரிய மனிதருக்குச் சாரதியாக இருபது வருடத்துக்கு மேல் வேலை. மற்றவர்களின் கார்களை ஓட்டி ஓட்டிக் கையில் காய்ப்பு விழுந்த அந்த மனுஷன், தனக்கென்று ஒரு கார் வாங்க முடிவுசெய்தார். வாங்குவதுதான் வாங்குகிறார், சாதாரணமாக ஒன்றை வாங்கினாரா? ஜப்பானில் ஒரு கொம்பனி புதிதாகச் செய்துகொண்டிருந்த ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார். பெற்றோல் எஞ்சின் ஒன்று, அதற்குத் துணையாக மின்சார மோட்டர் ஒன்று, கையால் மாற்றுகிற ஆறு கியர். இன்னும் விற்பனைக்கே வரவில்லை. வந்தவுடன் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லிக் கொழும்பில் ஆள் பிடித்து வைத்திருந்தார்.

இதைச் சொன்ன அன்றைக்கே றபீக்கா இன்னொன்றும் சொன்னார். "அவருக்கு அந்த நேரம் லீவு கிடைக்காதாம் டீச்சர். கார் வந்தா உங்கட கையாலதான் முதல் ஓட்டம். நான் அவர்ட்ட சொல்லிட்டன். அவரும் ஓம் எண்டு சொன்ன."

"மெய்யா?" என்றார் டீச்சர்.

"அல்லாஹ் அறிய மெய்."

அன்றிலிருந்து எங்களுக்கு ஒழுங்கான பாடம் கிடையாது. பிள்ளை பிறக்க முன்னம் தொட்டில் கட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. கண்ணகை டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வங்கியில் இணைய வசதி இருந்தபடியால், அந்தக் காரைப்பற்றி வெளிநாட்டு சஞ்சிகைகளில் வருவதை எல்லாம் அச்செடுத்து வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகைக்காரர்களும் அப்போது காரைக் கண்டதில்லை. அப்படி இருக்குமாம், இப்படிப் போகுமாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அது டீச்சருக்குப் போதும்.

"பாரம் எங்க இரிக்கி சேர்? பெற்றறிய எங்க வெச்சிரிக்கான்?"

"பின்னுக்கு, தரைக்குக் கீழே என்று போட்டிருக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று தொடையில் அடித்தார். "தயிர்ச் சட்டிய சைக்கிள் கரியருக்கு மேல கட்டினாச் சைக்கிள் ஆடும். கீழ தொங்கவிட்டா ஆடுமா? ஆடாது. அப்ப வளைவில இது பின்பக்கத்த ஆட்டாது. ஒட்டிக்கொண்டு போகும்." உடனே அந்த வளைவை எடுத்துக் காட்டினார். காரில் அல்ல, உடம்பால். என் பக்கமாகச் சாய்ந்து, ஸ்டியறிங்கை இரண்டு விரலால் பிடிப்பதுபோல் பிடித்து, வாயால் "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்து, நிமிர்ந்தார். நாங்கள் அப்போது மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம், கார் ஓடவே இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

அந்தக் காருக்கு மூன்று குணமாம். ஒரு பொத்தானை அழுத்தினால் சிக்கனம், இன்னொன்றில் சாதாரணம், மூன்றாவதில் வேகம். வேகத்தை அழுத்தினால் மீற்றர் சிவந்துவிடுமாம். "கோவம் வந்த பொம்பிள மாதிரி" என்றார் டீச்சர், பெருமையோடு. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக நின்று, கிளச்சை மிதித்தவுடன் தானாக வந்துவிடுமாம். "பாத்தீங்களா, ஆமிக்காரன் எஞ்சின ஓஃப் பண்ணு எண்டு சொல்ல முந்தியே அது ஓஃப். நம்மட ஊருக்கெண்டே செஞ்சிரிக்கான்!" என்று அவர் சிரித்த சிரிப்பில், சாவடியில் நின்றவர் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்.

இந்தத் திருவிழாவில் சேராத ஒரே ஆள் அழகரத்தினம். வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி, நெல்வயல் விரிந்த பெரிய வட்டைக்குச் சொந்தக்காரர். உழவு இயந்திரத்தை ஓட்டிய கை, காரின் ஸ்டியறிங்கை வயலில் வரம்பு கடக்கிற மாதிரித்தான் இன்னும் திருப்புகிறது. ஹைபிரிட் என்ற சொல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"ஹைபிரிட் சோளம் நான் போட்ட புள்ள. முதல் போகம் நல்லா வந்த. அதிட விதைய எடுத்து மறுகா போட்டாப் பொட்டு, ஒரு மணி இல்ல."

"காரை ஆரு அண்ணன் விதைக்கப் போறா?"

"அதுக்கில்ல. எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க மோட்டர் ஒரு பக்கம் இழுத்தா எப்பிடி? ரெண்டு மாமியாரோட ஒரு வீட்ட இரிந்த கதைதான். இதில ஆறு கியர் வேற. ஆறிலயும் சாவு நூறிலயும் சாவு எண்டு சொன்னவன் இந்தக் கியரத்தான் சொல்லியிரிப்பான்."

டீச்சருக்குக் கோபமே வரவில்லை. "ரெண்டு மாமியாரும் ஒரே பக்கம் இழுத்தா, அண்ணன்?" என்று கேட்டார். அழகரத்தினம் யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்றை ஊரில் கண்டதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் நான் கேட்டேன். வளைவு, வேகம், சிவப்பு மீற்றர் எல்லாம் சரி. இந்தக் காரில் உங்களுக்கு உண்மையாகப் பிடித்தது எது? டீச்சர் சிரிப்பை நிறுத்தாமல்தான் பதில் சொன்னார். "எடுப்பு, சேர். நீங்கதானே வாசிச்ச. மோட்டருக்குச் சுத்துற வேகம் ஏறும்வரை காத்திரிக்கத் தேவல்லையாம். மிதிச்ச உடனே முழுப் பலத்தையும் குடுக்குமாம். கேட்ட உடனே குடுக்குற ஒண்ட நான் இன்னும் ஓட்டல்ல."

அவர் முதன்முதலில் ஓட்டிய வாகனத்தைப்பற்றி அன்றுதான் சொன்னார். கடல் ஊருக்குள் வந்த சுனாமிக் காலை அது. அதுவரை அவர் தையல்காரி. வாகனம் என்றால் பஸ்ஸில் ஏறி இறங்கத் தெரியும். அலை போனபின் அவர் வீட்டுச் சந்தில், அந்தச் சின்ன ஒழுங்கையில் எஞ்சியது, மதிலுக்கும் வேம்புக்கும் நடுவே செருகி நின்ற அயலவர் நல்லரத்தினத்தின் வான் ஒன்றுதான். நல்லரத்தினத்தின் நெஞ்சில் மதில் விழுந்திருந்தது. அவரைத் தூக்கி முன் ஆசனத்தில் கிடத்தி, காயப்பட்டவர்களைப் பின்னால் ஏற்றினார்கள். ஓட்ட ஆளில்லை. கண்ணகை ஏறினார்.

"அவர்தான் சொல்லித்தந்த. சாவியத் திருப்பு புள்ள எண்டார். இடது காலால அத மிதி எண்டார். கம்பிய இஞ்சால தள்ளி மேல போடு எண்டார். மெல்ல மெல்ல விடு எண்டார். வான் வெளிக்கிட்டிட்டு. மறுகா அவர் ஒண்டும் சொல்லல்ல."

நல்லரத்தினம் முதலாம் கியர்வரைதான் சொன்னார். இரண்டாவது என்று ஒன்று உண்டு என்பதே கண்ணகைக்குத் தெரியாது. எஞ்சின் கத்தக் கத்த, புகை கிளம்பக் கிளம்ப, கல்லடியிலிருந்து பாலம் கடந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் முதலாம் கியரிலேயே போனார். எவ்வளவு மிதித்தாலும் வான் கத்தியதே தவிர ஓடவில்லை. பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள். நல்லரத்தினம் பிழைக்கவில்லை. வெள்ளனக் கொண்டுவந்திருந்தாலும் ஏலாது என்றுதான் டொக்டர் சொன்னாராம். "அவர் எனக்காகச் சொன்ன சேர்" என்றார் டீச்சர். "நான் சுணக்கிப்போட்டன்."

அடுத்த வருடமே தையலை விட்டுவிட்டு லைசன் எடுத்தார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் காரை நகர்த்தவே விடமாட்டார். நின்ற இடத்தில் வைத்து எல்லாக் கியரையும் போட்டுக் காட்டிய பிறகுதான் சாவி. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அது கிடக்கட்டும். அந்தக் காருக்கு வயிறு நிலத்திலயிரிந்து எவ்வளவு உயரம்? அதச் சொல்லுங்க" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

வயிறு தாழ்வு. ஒரு சாணுக்கும் குறைவு. அதுதான் புதிய கவலை. ஏனென்றால் முதல் ஓட்டம் எங்கே என்று டீச்சர் எப்போதோ தீர்மானித்திருந்தார். வாவிக்குக் கிழக்கே, எங்கள் எழுவான்கரையில் ஓட்டுவதற்கு இடமில்லை. காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் கடை, ஆடு, சைக்கிள், மீன் கூடை. அதனால் மண்முனைத்துறையில் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போக வேண்டும். கொக்கட்டிச்சோலை தாண்டினால் இரண்டு பக்கமும் வட்டை. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு நேர் வீதி. பல வருடம் நாங்கள் யாரும் போக முடியாதிருந்த வீதி அது. கோடு என்னவோ நேர்தான், குழிகள்தான் கணக்கில்லை.

டீச்சர் ஒரு வேலை செய்தார். தென்னை ஈர்க்குகளை நெருக்கமாகக் கட்டி, அந்தப் புதிய காரின் வயிறு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு தாழ்வாக எங்கள் பழைய காரின் அடியில் தொங்கவிட்டார். வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் இரும்பு மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். அந்தப் பாதையின் ஏற்றுப் பலகையில் தொடங்கி, நேர் வீதியின் முடிவுவரைக்கும் மெல்ல ஓட்டிப்போனோம். ஈர்க்கு எங்கே நிலத்தை உரசிச் சரசரக்கிறதோ அங்கே கார் நிற்கும். நான் இறங்கிச் சுண்ணாம்பால் வட்டம் போட வேண்டும். வங்கி உதவி முகாமையாளர் நடு வீதியில் குந்தியிருந்து கோலம் போடுவதை எருமைகள் வரிசையாக நின்று பார்த்தன. பாதை ஓட்டுகிறவர், "ஆருக்குக்கா கார் வருகுது? மந்திரிக்கா?" என்று கேட்டார். "எனக்கு" என்றார் டீச்சர்.

வட்டங்களைக் கண்டு அழகரத்தினத்துக்கே மனம் இளகியது. ஹைபிரிட்டுக்காக அல்ல, குழி மூடினால் தன் நெல்லும் குலுங்காமல் போகும் என்றுதான் சொன்னார். ஆனாலும் உழவு இயந்திரப் பெட்டியில் கிறவல் மண் ஏற்றிவந்து ஒவ்வொரு வட்டத்திலும் கொட்டி, மேலே தானே ஏறி மிதித்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கார் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது என்ற செய்தியோடு றபீக்கா வந்தார், முகத்தில் சிரிப்பில்லை.

"டீச்சர், அவருக்கு லீவு கிடைச்சிட்டு. வாறாராம்."

"நல்லதுதானே!"

"அவரே ஓட்டப் போறாராம். இவ்வளவு காலமும் மத்தவங்கட காரை ஓட்டினன், என்ட காரை முதல்ல நான் ஓட்டாம ஆரு ஓட்டுற எண்டு கேக்கார். நான் என்னத்தச் சொல்ல?" றபீக்காவின் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்ன சொல்லு போயிட்டு."

டீச்சர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் சொல்ற ஞாயம்தானே கா. இருபது வருசம் பொறுத்த மனுசன்." சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். அன்று கல்லடிப் பாலத்தில் நிற்கும்போது நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கை முழங்காலில் சும்மா கிடந்தது. முன்பின் கண்டிராத இப்றாஹிம் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் பக்கம் ஞாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்த பிறகு, காத்தான்குடியில் இப்றாஹிமின் வீட்டு வாசலில் ஊரே கூடி நின்றது. கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கிய கார் வெள்ளை. படங்களில் பார்த்ததைவிடச் சின்னது, படங்களில் பார்த்ததைவிடப் பொல்லாதது. நிற்கும்போதே கிளம்பிவிட்டது போல நின்றது. மனைவிக்கு ஓட்டப் பழக்குகிற டீச்சர் என்ற மரியாதைக்கு இப்றாஹிம் கண்ணகையை அழைத்திருந்தார். டீச்சரோடு ஒட்டிக்கொண்டு நானும் அழகரத்தினமும் போயிருந்தோம். டீச்சர் காரைத் தொடவில்லை. சுற்றிவந்து பார்த்தார், குனிந்து வயிற்றைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உரசாது" என்று மட்டும் சொன்னார்.

இப்றாஹிம் வந்தார். தும்பைப்பூப் போல சட்டை, கமகமவென்று அத்தர், கையில் சாவி. உயரமான, அமைதியான மனிதர். பெரியவர்கள் வழிவிட்டார்கள். ஒருவர் துஆ ஓதினார். இப்றாஹிம் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, கதவைத் திறந்து, கம்பீரமாக ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இரண்டு கையையும் தூக்கினார்.

கைகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எதிரே கையுறைப் பெட்டிதான் இருந்தது. கட்டாரில் ஸ்டியறிங் இடது பக்கம். இருபது வருடமாக இடது கதவைத் திறந்து ஏறிய உடம்பு, சொந்த ஊரில், சொந்தக் காரில், ஊரே பார்த்திருக்க, இடது கதவைத் திறந்து ஏறிவிட்டது.

றபீக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவதிலிருந்து அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. அழகரத்தினம் வானத்தைப் பார்த்தார். இப்றாஹிமின் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. இறங்கிச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினால் அது சாகும்வரைக்கும் கடைத்தெருக் கதை. அவர் மெல்லத் திரும்பி, கண்ணாடி வழியாக வெளியே தேடினார். டீச்சரைக் கண்டார்.

"என்ன டீச்சர் நிக்கிறீங்க?" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, மாஷா அல்லாஹ். "ஏறுங்க. உங்களுக்கெண்டுதானே நான் இஞ்சால இரிந்த. றபீக்கா குடுத்த வாக்கு வாக்குத்தானே?"

"ஓம் காக்கா" என்றார் டீச்சர், ஊர் வழக்கில் அவரை அண்ணனாக்கி, அதைவிட நடுக்கமில்லாத குரலில். "நானும் அதத்தான் பாத்தித்து நிக்கன்."

ஊரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. நல்ல மனுஷன், சொன்ன சொல் தவறாதவர் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்தார். டீச்சர் வலப்பக்கம் போய் ஏறினார். றபீக்கா பின்னால் ஏறினார். பின் ஆசனம் என்று ஒன்றை அந்த ஜப்பான்காரன் ஏன் வைத்தான் என்று தெரியவில்லை, ஒரு பலாப்பழம் வைக்கலாம். நானும் அழகரத்தினமும் மோட்டார் சைக்கிளில் தொடர்ந்தோம்.

பாதையில் எல்லாரும் ஒன்றாகத்தான் வாவியைக் கடந்தோம். ஏற்றுப் பலகையில் கார் பூனைபோல ஏறிப் பூனைபோல இறங்கியது. அக்கரையில் டீச்சர் கண்ணாடியை இறக்கி, "நீங்க முன்னுக்குப் போயித்து அந்த மருதமரத்தடியில நில்லுங்க சேர். நான் வாறதப் பாக்க ஆள் வேணும்" என்றார்.

நின்றோம். வீதியின் அந்தத் தொங்கல் முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து நின்றது. வெகுநேரம் அசையவில்லை. "பழுதாப் போச்சா?" என்று அழகரத்தினம் கேட்டார், ஆசையோடா கவலையோடா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு புள்ளி பெருத்தது. வருகிறது என்று நினைப்பதற்குள் வந்துவிட்டது. கிறவல் போட்ட குழிகள் ஒவ்வொன்றின் மேலும் அது ஒரு சொட்டும் தடுமாறாமல் ஓடியது. வட்டையில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. திறந்த கண்ணாடி வழியாகக் கண்ணகை டீச்சரின் சத்தம் எங்களைக் கடந்து போனது:

"குடுக்குதூஊஊ!"

அழகரத்தினம் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் ஆட வேண்டும் போலிருந்தது. ஆடினேன் என்றுதான் பிறகு அழகரத்தினம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தூரப்போய் வளைவில் சாய்ந்து, திரும்பி, மெல்ல வந்து எங்கள் முன்னால் நின்றது. எஞ்சின் தானாக ஓய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. டீச்சர் இறங்கினார். தலைமுடி நாலு பக்கமும் பறந்து, முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். அதைத் துடைக்கவும் இல்லை. "மிதிச்ச உடனே, சேர். மிதிச்ச உடனே. சுணங்கவேயில்ல" என்றார். இரண்டு தரம் சொன்னார். பிறகு பின்பக்கம் குனிந்து, "றபீக்கா, இறங்குங்க. இது சொல்லி விளங்காது. வந்து ஓட்டிப் பாருங்க" என்றார்.

"நானா? அல்லாஹ்! இந்தக் காரையா?"

"அவவுக்கு லைசன் இல்லியே டீச்சர்" என்றார் இப்றாஹிம்.

டீச்சர் தோள் பையைத் திறந்து இரண்டு எல் போட்டை எடுத்தார். ஒன்றை முன்னால் கட்டினார், ஒன்றைப் பின்னால் கட்டினார். ஜப்பான்காரன் கண்டால் நெஞ்சு வெடித்திருப்பான். இப்றாஹிம் அதையும் பார்த்தார், மனைவியின் முகத்தையும் பார்த்தார். இறங்கி, அந்த உயரமான உடம்பை மூன்றாக மடித்து, பலாப்பழத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

றபீக்கா சாரதி ஆசனத்தில் ஏறி, ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்தபடி இடப்பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்கட பக்கம் பிரேக் இல்லியே. நான் பிழையா மிதிச்சா என்ன செய்வீங்க?"

இடது ஆசனத்தில் அமர்ந்த கண்ணகை டீச்சர் கீழே குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி, ஆசனத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டார்.